பெட்டி அனுப்பியது போதும், ஆளைப் பிடித்துத் தாருங்கள்: திருகோணமலைப் பழைய மாணவர் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்பான அண்ணாமாருக்கும் அக்காமாருக்கும்,

ரொறன்ரோ, லண்டன், சிட்னி, கொழும்பு என்று எங்கெங்கோ இருந்துகொண்டு, திருகோணமலையில் தாங்கள் படித்த பள்ளிக்கூடத்துக்கு வருடம் தவறாமல் ஏதாவது அனுப்புகிற உங்களுக்குத்தான் இந்த மடல். எந்தச் சங்கம் என்று பெயர் போடவில்லை. எல்லாருக்கும் பொதுவாகத்தான் எழுதுகிறேன், அதனால் "இது எங்களைச் சொல்லவில்லை" என்று யாரும் தள்ளி வைத்துவிட வேண்டாம்.

நான் ஆசிரியர் இல்லை. டவுனில் பஸ் நிலையத்துக்குக் கிட்ட ஒரு சின்னக் கொம்யூனிகேஷன் கடை வைத்திருக்கிறேன். போட்டோக்கொப்பி, பிரிண்ட், லமினேட்டிங், ரீலோட், விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பது, இவ்வளவும்தான் பிழைப்பு. உயர்தரத்தில் கணிதப் பிரிவில் படித்து, இரண்டு தரம் எடுத்து, பல்கலைக்கழகத்துக்கு இசட் புள்ளி காணாமல் கடை போட்டவன். ஆனால் இந்த ஊர்ப் பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று அதிபர்மாரைவிட போட்டோக்கொப்பிக் கடைக்காரனுக்குத்தான் கூடுதலாகத் தெரியும். மூதூர், கிண்ணியா, தம்பலகாமம், நிலாவெளி, குச்சவெளி என்று எல்லாப் பக்கத்தில் இருந்தும் ரியூசனுக்கு வருகிற பிள்ளைகள் பஸ் ஏற முதல் கடைசியாக வந்து நிற்கிற இடம் என்னுடைய மேசைதான்.

அங்கே நான் தினமும் பார்ப்பது இது: ஒரு பிள்ளை நாற்பது பக்க ரியூட் (ரியூசன் வகுப்புக் குறிப்பு) ஒன்றைக் கொண்டுவந்து கொப்பி கேட்கும். புரட்டிப் பார்த்தால் அதில் அரைவாசி, தேசிய கல்வி நிறுவகம் உயர்தரத்துக்கென்று வெளியிட்ட வளநூலில் இருந்து அப்படியே எடுத்தது, படம் உட்பட. அந்த வளநூல் தமிழில் நிறுவகத்தின் தளத்தில் சும்மா கிடக்கிறது. யார் வேண்டுமானாலும் இறக்கலாம். "தங்கச்சி, இது இலவசமாகவே இருக்கே" என்றால் என்னை ஏதோ ஏமாற்றுக்காரன் மாதிரிப் பார்க்கிறார்கள். இலவசமாக இருந்தால் சேர் ஏன் காசு வாங்குகிறார் என்று ஒரு பிள்ளை திருப்பிக் கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. பக்கத்துக்கு இவ்வளவு என்று நானும் காசு வாங்கிக்கொண்டுதானே நிற்கிறேன்.

சும்மா கிடப்பது அது மட்டுமா? கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் பாடநூல்கள் எல்லாம் மூன்று மொழியிலும் இறக்கிக்கொள்ளும்படி இருக்கின்றன. ஈ-தக்சலாவ என்று கல்வியமைச்சின் தளம் ஒன்று, அதில் தமிழிலும் பாடங்கள். பரீட்சைத் திணைக்களத்தின் தளத்தில் கடந்தகால வினாத்தாள்கள். தமிழ் விக்கிப்பீடியாவில் ஒன்றரை இலட்சத்துக்கு மேல் கட்டுரைகள். வெளியில் போனால் கான் அகாடமியின் பாட வீடியோக்கள், கொலராடோ போல்டர் பல்கலைக்கழகத்தின், கொம்பியூட்டரிலேயே செய்துபார்க்கிற ஃபெட் பரிசோதனைகள், வரைபுக்கு ஜியோஜீப்ரா. ஒரு சதமும் கட்டத் தேவையில்லை. 1945இல் கல்வி அமைச்சர் கன்னங்கரா காலத்தில் இலவசக் கல்வி, 1980இல் இருந்து இலவசப் பாடநூல் என்று வந்த நாடு, இப்போது முழு உலகமும் இலவசமாகப் பாடம் நடத்துகிற காலத்தில் இருக்கிறது. சரி, அப்படியென்றால் எங்கள் பிள்ளைகளுக்கு என்ன குறை?

சாமான் குறை இல்லை. அதைப் பிரித்து, இதுதான் உனக்கு, இது இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிக் கொடுக்க ஆள் இல்லை. இந்த ஒரு விஷயத்தைச் சொல்லத்தான் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.

ஒரு சம்பவம் சொல்கிறேன். பத்தாம் வகுப்புப் பிள்ளை, மூதூர்ப் பக்கம், கெட்டிக்காரி. லொக்டவுன் நேரத்தில் போனில் பார்த்துப் படித்துப் பழகியதால் எதற்கும் முதலில் யூரியூப்பைத்தான் திறப்பாள். ஒருநாள் தவணைப் பரீட்சைத் தாளைக் கொண்டுவந்து ஏதோ பிரிண்ட் எடுக்கும்போது மேசையில் விரித்து வைத்தாள், முகம் வாடிப் போயிருந்தது. 10 கிலோகிராம் திணிவுள்ள பொருளின் நிறை என்ன என்பது கேள்வி. அவள் எழுதியது 10 கிலோகிராம். சிவப்புப் பேனையால் ஒரு வெட்டு. "அண்ணா, வீடியோவில நிறை கிலோகிராம் எண்டுதானே சொன்னவர்" என்றாள்.

அந்தத் தமிழ்நாட்டு வீடியோ வாத்தியார் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார், பிரச்சினையே அங்கேதான். தமிழ்நாட்டுப் பாடப்புத்தகத்தில் நிறை என்பது கிலோகிராமில் அளப்பது, பூமி இழுக்கிற விசைக்கு அவர்கள் சொல்லுவது எடை. எங்கள் புத்தகத்தில் கிலோகிராமில் அளப்பது திணிவு, பூமி இழுக்கிற விசைதான் நிறை, அதை நியூட்டனில் சொல்ல வேண்டும், அதாவது அந்தக் கேள்விக்கு விடை 100 நியூட்டன் (ஒரு கிலோகிராமுக்கு 10 நியூட்டன் என்று எடுத்தால்). ஒரே தமிழ், ஒரே சொல், இரண்டு கரையிலும் இரண்டு பொருள். சொல் தெரியாத பிள்ளையாவது நின்று யோசிக்கும். தெரிந்த சொல் என்று நம்பிப் போகிற பிள்ளைதான் விழுகிறது.

இது ஒன்றோடு நிற்கிறதா? அவர்கள் முடுக்கம் என்பது எங்களுக்கு ஆர்முடுகல். அவர்களின் தனிமம் எங்கள் மூலகம், சேர்மம் எங்கள் சேர்வை, திசு எங்கள் இழையம், ஆக்சிஜன் எங்கள் ஒட்சிசன். இவையெல்லாம் பரவாயில்லை, இரண்டு நாளில் பழகும். ஆனால் காரம் என்று அவர்கள் சொல்வதை நாங்கள் மூலம் என்கிறோம், நாங்கள் காரம் என்பது நீரில் கரைகிற மூலத்தை மட்டும். அமில-மூலப் பாடத்தைத் தமிழ்நாட்டு வீடியோவில் பார்த்துவிட்டு எங்கள் பரீட்சைத் தாளுக்கு முன்னால் இருந்து பாருங்கள், தலை சுற்றும். அந்தப் பக்கம் நல்ல நல்ல வாத்திமார் அருமையாகப் படிப்பிக்கிறார்கள், நானே உட்கார்ந்து பார்ப்பேன், அவர்களில் குறையே இல்லை. நடுவில் ஒரு பாலம் போட ஆள் இல்லை, அவ்வளவுதான்.

இதில் எனக்குப் பெரிய வேடிக்கையாகப் படுவது ஒன்று. 1930களில் சென்னையில் கலைச்சொல் ஆக்கும் வேலை நடந்தபோது அதற்குத் தலைமை தாங்க அவர்கள் அழைத்தது விபுலானந்த அடிகளை. அடிகள் இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டதாரி, 1920களில் எங்கள் ஊர் இந்துக் கல்லூரியைப் பொறுப்பேற்று நடத்தியவர். இங்கே நடமாடிய மனிதர் அங்கே போய்ச் சொல் ஆக்கிக் கொடுத்தார். அதற்கும் முதல் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மிஷனரி டொக்டர் கிறீன் மருத்துவத்தைத் தமிழில் படிப்பித்துப் புத்தகமும் போட்டார். அப்படிப்பட்ட இடத்தில் இன்றைக்கு ஒரு பிள்ளைக்கு நிறைக்கும் திணிவுக்கும் விளக்கம் சொல்லப் போட்டோக்கொப்பிக் கடைக்காரன் வேண்டியிருக்கிறது. (அன்றைக்கு அவளிடம் பிரிண்டுக்குக் காசு வாங்கவில்லை. வெட்கமாகப் போய்விட்டது.)

நீங்கள் என்ன நினைப்பீர்கள் என்று தெரியும்: இங்கிலீசில் படித்தால் இந்தத் தொல்லையே இல்லையே. நல்லது, படிக்கட்டும். ஆனால் தமிழில் பரீட்சை எழுதப் போகிற பிள்ளையிடம் முதலில் இங்கிலீசு படித்துவிட்டு வா என்று சொல்வது, பசியோடு வந்தவனிடம் முதலில் வயல் உழு என்று சொல்வது மாதிரி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது நல்ல சம்பவம். மாரி காலம், வெருகல் பக்கத்துப் பையன் ஒருவன் பஸ்ஸுக்காகக் கடைக்குள் ஒதுங்கி நின்றான். கொம்பியூட்டரில் ஃபெட்டின் மின்சுற்றுப் பரிசோதனை திறந்திருந்தது, நான்தான் சும்மா இருக்கிற நேரத்தில் விளையாடிக்கொண்டிருந்தேன். தந்திருங்கோ அண்ணா என்று மௌஸை வாங்கினான். ஒரு மின்கலம், ஒரு பல்ப். எரிந்தது. இன்னொரு பல்பைத் தொடராகப் போட்டான், இரண்டும் மங்கியது. கழற்றிச் சமாந்தரமாகப் போட்டான், இரண்டும் பழையபடி பிரகாசம். பிறகு என்ன நினைத்தானோ, பல்பே இல்லாமல் வயரை நேராக மின்கலத்தின் இரண்டு முனைக்கும் கொடுத்தான். ஸ்கிரீனில் மின்கலம் தீப்பற்றி எரிந்தது. பையன் வாய்விட்டுச் சிரித்துவிட்டு, உடனே சிரிப்பை நிறுத்தி, "அண்ணா இதுதானே குறுஞ்சுற்று?" என்று கேட்டான். அந்தச் சொல்லை அவன் பரீட்சைக்காகப் பாடமாக்கியிருந்தான். அது என்ன செய்யும் என்று அன்றைக்குத்தான் பார்த்தான். அவன் படிக்கிற இடத்து ஆய்வுகூடத்தில் ஒரு அம்மீற்றர்தானாம், அதிலும் ஊசி அசையாதாம். இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டு மூன்றாவதில் போனான்.

அந்தப் பரிசோதனையை 2001இல் பௌதிகத்துக்கு நோபல் பரிசு வாங்கிய கார்ல் வீமன் 2002இல் தொடங்கிய குழு செய்தது. ஒவ்வொரு பரிசோதனையும் சில எம்பி அளவில் ஒரே ஒரு ஃபைல். பென் டிரைவில் போட்டுக்கொண்டு போனால் இன்டர்நெட் இல்லாத கொம்பியூட்டரிலும் ஓடும். சிலது தமிழிலும் இருக்கிறது. இவ்வளவும் நான் தற்செயலாகத் தட்டுப்பட்டுத் தெரிந்துகொண்டது, அந்தப் பையனுக்கு வகுப்பில் யாரும் சொல்லவில்லை, சொல்ல ஆசிரியர்மாருக்கும் யாரும் சொல்லவில்லை.

படிக்கிற முறை பற்றியும் ஒரு வார்த்தை. பாடத்தைவிட இதில்தான் எங்கள் ஆட்கள் அதிகம் நட்டப்படுகிறார்கள். கடையில் அதிகம் விற்பது ஹைலைற்றர் பேனை. மஞ்சள், பச்சை, ரோஸ் என்று புத்தகம் முழுக்கக் கோடு போட்டு அதையே திரும்பத் திரும்ப வாசிக்கிறார்கள். 2006இல் அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக்கி என்ற ஆய்வாளர் இருவர் மாணவர்களை வைத்துப் பார்த்தார்கள். திரும்பத் திரும்ப வாசித்த கூட்டம், ஒரு தரம் படித்துவிட்டுப் பிறகு புத்தகத்தைப் பார்க்காமல் மூன்று தரம் எழுதிப் பார்த்த கூட்டம். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால் வாசித்தவர்களுக்குத்தான் கூடுதல் ஞாபகம், அவர்கள் 83 சதவீதம், எழுதிப் பார்த்தவர்கள் 71. ஒரு கிழமை கழித்துக் கேட்டால் வாசித்தவர்கள் 40 சதவீதம், எழுதிப் பார்த்தவர்கள் 61. இதனால்தான் முதல்நாள் இரவு எல்லாம் தெரிந்த மாதிரி இருப்பதும், பரீட்சை மண்டபத்தில் ஒன்றும் வராததும். இதற்கு ஆங்கி என்று ஒரு இலவசச் செயலி இருக்கிறது, மறக்கப் போகிற நேரம் பார்த்துக் கேள்வியை எடுத்து நீட்டும், தமிழிலும் எழுதலாம். போன் இல்லாத பிள்ளைக்குப் பால்மாப் பெட்டியை வெட்டி அட்டை செய்து, மூன்று சவர்க்காரப் பெட்டியில் அடுக்கினால் அதே வேலை: தெரிந்த அட்டை அடுத்த பெட்டிக்கு, பிழைத்த அட்டை முதல் பெட்டிக்குத் திரும்ப, முதல் பெட்டியைத் தினமும் பார், கடைசிப் பெட்டியைக் கிழமைக்கு ஒருக்கால். என் மகள் பெருக்கல் வாய்பாட்டை இப்படித்தான் பிடித்தாள். ஒன்பதாம் வாய்பாடு மட்டும் இன்னும் முதல் பெட்டியில் கிடக்கிறது.

சரி, இப்போது உங்களிடம் வருகிறேன். கோபிக்கக் கூடாது.

நான் போன ஒரு பள்ளிக்கூடத்தில் வெளிநாட்டில் இருந்து வந்த ஸ்மார்ட் போர்ட் ஒன்று பூப்போட்ட துணியால் மூடிக்கிடந்தது. திறப்பு விழாவுக்குக் கட்டிய ரிபன் துண்டு இன்னும் அதன் மூலையில். அதில் எழுதுகிற பேனை தொலைந்துவிட்டதாம், உடைந்துவிடும் என்று பயந்து பிள்ளைகளைத் தொட விடுவதில்லையாம். இன்னொரு இடத்தில் ரப்லெட்டுகள் இரும்பு அலுமாரியில், சார்ஜ் போடாமல் போட்டு பற்றரி வீங்கிப் போய். இது யாருடைய குற்றம் என்று தேடினால் ஆளுக்காள் கை காட்டுவார்கள். அனுப்பினவர்களுக்கு விழாப் படம் வந்தது, வாங்கினவர்களுக்குக் கையெழுத்துப் போட்ட பொருட்பதிவு இருக்கிறது. அதற்குள் என்ன பாடம் போடுவது என்று மட்டும் இரண்டு பக்கத்திலும் யாரும் கேட்கவில்லை.

கான் அகாடமி எப்படித் தொடங்கியது என்று உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். 2004இல் பொஸ்டனில் இருந்த சல்மான் கான், நியூ ஒர்லியன்ஸில் இருந்த உறவுக்காரச் சிறுமிக்குக் கணக்குத் தடக்குகிறது என்று தொலைபேசியில் சொல்லிக் கொடுக்கத் தொடங்கினார். அது இலாபநோக்கற்ற நிறுவனமாக ஆனது 2008இல். தூரத்தில் இருந்த உறவுக்காரர் அந்தப் பிள்ளைக்குக் கொடுத்தது தன் நேரத்தை. அந்த நேரம்தான் முதலில் வந்தது, பெட்டி படுக்கை எல்லாம் பிறகு.

ஆகவே நான் கேட்பது இதுதான். அடுத்த தரம் சாமான் வாங்கச் சேர்க்கிற காசில் இரண்டு மூன்று பேருக்கு ஆறு மாதச் சம்பளம் கொடுங்கள். இளைப்பாறிய விஞ்ஞான ஆசிரியர் ஒருவர், கணித ஆசிரியர் ஒருவர், வேலை கிடைக்காமல் இருக்கிற பட்டதாரிப் பிள்ளை ஒன்று. இந்த மாவட்டத்தில் இந்த மூன்று வகையிலும் ஆள் தேடி அலைய வேண்டியதில்லை. அவர்களின் வேலை, 10ஆம் 11ஆம் வகுப்பு விஞ்ஞானத்தையும் கணிதத்தையும் அலகு அலகாக எடுத்து, ஒவ்வொரு அலகுக்கும் ஒரே ஒரு தாள் எழுதுவது. பாடநூலில் எந்தப் பக்கம், பார்க்க வேண்டிய வீடியோ எது (ஒன்று அல்லது இரண்டு, இருபது போட வேண்டாம்), செய்து பார்க்க என்ன பரிசோதனை, கடந்தகால வினாத்தாளில் எந்தக் கேள்வி. தாளின் கரையில் ஒரு நிரல்: வீடியோவில் சொல்வது நிறை, உன் புத்தகத்தில் திணிவு. அந்த ஒரு நிரல் இருந்திருந்தால் மூதூர்ப் பிள்ளைக்கு அந்தப் புள்ளி போயிருக்காது.

பிறகு எல்லாவற்றையும் இறக்கி வைப்பது. இதற்கு வழி இருக்கிறது. கிவிக்ஸ் என்ற மென்பொருளில் தமிழ் விக்கிப்பீடியா முழுவதையும் போனுக்குள் போட்டுக்கொண்டு டேற்றா இல்லாமல் வாசிக்கலாம். கோலிப்ரி என்று இன்னொரு மென்பொருள், ராஸ்பெரி பை என்கிற உள்ளங்கையளவு கொம்பியூட்டரிலேயே ஓடும், பாடங்களை ஒருக்கால் ஏற்றிவிட்டால் வகுப்பறைக்குள் இன்டர்நெட் இல்லாமலே பிள்ளைகள் தங்கள் போனில் வைஃபையில் பிடித்துப் பார்க்கலாம். ஒரு மணித்தியால வீடியோவுக்குக் குறைந்த தரத்திலேயே சில நூறு எம்பி போகும். அப்பா கடலுக்குப் போகிற வீட்டில் ஒரு ரீலோடை மூன்று பேர் பங்குபோடுகிறார்கள். ஆகவே "லிங்க் அனுப்பினேனே" என்பது உதவி ஆகாது. ஒன்று கவனியுங்கள், எதை வேண்டுமானாலும் கொப்பி அடிக்கலாம் என்று இல்லை, ஒவ்வொன்றின் உரிமக் குறிப்பையும் பார்த்துத்தான் செய்ய வேண்டும். சில நிபந்தனையோடு மற்றவர்களும் எடுத்துப் பயன்படுத்த விடுகிற கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமத்தில் வந்தவை நிறைய இருக்கின்றன. ரைஸ் பல்கலைக்கழகத்தின் ஓப்பன்ஸ்ராக்ஸ் புத்தகங்கள் பலவற்றைப் பெயரைக் குறிப்பிட்டுவிட்டு மொழிபெயர்க்கவே விடுகிறார்கள். உங்களில் மொழிபெயர்க்கக் கூடியவர்களும் இருக்கிறார்கள்தானே, ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு பக்கம் என்றாலும் செய்யலாம்.

தயவு செய்து உங்கள் பள்ளிக்கூடத்துக்கு மட்டும் என்று அதைப் பூட்டி வைக்காதீர்கள். ஸ்மார்ட் போர்ட் என்றால் ஒரு சுவரில்தான் தொங்கும், ஃபைல் அப்படி இல்லை, சம்பூருக்கும் கிண்ணியாவுக்கும் ஈச்சிலம்பற்றுக்கும் கொடுத்தாலும் உங்களுடையதில் ஒரு எழுத்துக் குறையாது. பல்கலைக்கழக அனுமதிக்குப் பின்தங்கிய மாவட்டங்கள் என்று 16 மாவட்டத்தைப் பிரித்து 5 சதவீதம் ஒதுக்கியிருக்கிறார்கள், அதில் எங்கள் மாவட்டமும் ஒன்று. மாவட்டத்துக்கே அந்தப் பெயர், இதற்குள் எந்தக் கல்லூரி பெரிது என்ற கிரிக்கெட் மட்ச் சண்டையை இந்த விஷயத்துக்குள் கொண்டுவர வேண்டாம்.

ரியூசன் சேர்மார் கோபிப்பார்கள் என்று ஒருவர் சொன்னார். நல்ல சேருக்கு இதனால் ஒன்றும் குறையாது. வளநூலைக் கொப்பி அடித்து விற்கிறவருக்குக் குறையும், எனக்கும் பக்கக் கணக்கில் குறையும். குறையட்டும், லமினேட்டிங் இருக்கிறது.

நான் சும்மா வாயால் சொல்லவில்லை என்பதற்கு, விசையும் இயக்கமும் பகுதிக்கு மட்டும் ஒரு தாள் நானே செய்து பார்த்தேன். இளைப்பாறிய சேர் ஒருவர் திருத்தித் தந்தார், இரண்டு இடத்தில் நான் எழுதியதே பிழை, அதனால்தான் ஆசிரியர்மார் வேண்டும் என்கிறேன். அந்தத் தாளும், இறக்கிய பரிசோதனைகளும், தமிழ் விக்கிப்பீடியாவும் கடைக் கொம்பியூட்டரில் ஒரு போல்டரில் கிடக்கின்றன. பிள்ளைகள் பென் டிரைவ் கொண்டுவந்தால் காசில்லாமல் ஏற்றிக் கொடுக்கிறேன். இதுவரை எட்டுப் பேர் வாங்கிப் போனார்கள், அதில் ஒருவன் பாட்டு ஏற்றத்தான் வந்தவன்.

ஓகஸ்ட் விடுமுறைக்கு வருவீர்கள், கோணேசர் கோயிலுக்குப் போவீர்கள், கன்னியாவில் குளிப்பீர்கள். டவுனுக்கு வரும்போது கடைக்கும் ஒருக்கால் வாருங்கள். பிளேன்ரீ தருகிறேன், அந்தத் தாளையும் காட்டுகிறேன். பின்னேரம் நாலு மணிக்கு வந்தால் நல்லது, ரியூசன் விட்டுப் பிள்ளைகள் வரிசையில் நிற்கிற நேரம், அவர்களிடமே கேட்டுக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
பஸ் நிலையத்துக்குக் கிட்டப் போட்டோக்கொப்பிக் கடைக்காரன்,
திருகோணமலை.